கார்டு வைத்திலிங்கம் பின்னால் நின்ற ஆட்டம்

சிமெந்துத் தரையில் பதினொரு துண்டு அவித்த மரவள்ளிக்கிழங்கை வரிசைப்படுத்தி வைத்தேன். கோலைக் காக்க ஒன்று. அதற்கு முன்னால் இரண்டு. நடுவில் மூன்று. முன்வரிசையில் ஐந்து.

"இதுதாங்க இப்ப நாம ஆடுற முறை" என்றேன்.

எதிரே சப்பணமிட்டு அமர்ந்திருந்த இரயில்வே கார்டு வைத்திலிங்கம் குனிந்து கூர்ந்து பார்த்தார். பிறகு இடப்பக்க ஓரத்தில் நின்ற முன்னணி ஆட்டக்காரரை எடுத்து, மிளகாய்த் துவையலில் தோய்த்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"சரி, மேல சொல்லுங்க வாத்தியாரே."

நான் சொல்லச் சொல்ல அணி குறைந்துகொண்டே வந்தது. முன்வரிசையின் கடமையை விளக்கி முடிப்பதற்குள் முன்வரிசை முழுவதும் போய்விட்டது. நடுவரிசைக்கு வந்தேன், அவரும் வந்தார். வேறொருவராக இருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன். அவரோ எனக்கு மாமனாராக வரவிருந்தவர். ஆகவே என் பேச்சின் வேகத்தைக் கூட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்தப் பிற்பகலில் அவரிடம் நான் கேட்கப் போயிருந்தது ஒன்றே ஒன்றுதான். வருகின்ற ஆட்டத்தில் அவர் முன்வரிசையை விட்டுப் பின்வரிசைக்கு வரவேண்டும். வந்தால் எனக்குத் திருமணம் நடக்கலாம். வராவிட்டால் நடக்காது.

காற்பந்துக்கும் திருமணத்துக்கும் என்ன தொடர்பு என்று இந்தத் தொடரை இந்த வாரந்தான் படிக்கத் தொடங்கியவர்கள் கேட்கக்கூடும். சொல்கிறேன்.

இலையில் விழவேண்டிய சோறு

சப்பானியர் காலம் அது. நான் தமிழ் கற்பித்து வந்த பள்ளியில் காலை நேரம் முழுவதும் கிழக்கு நோக்கி வணங்குவதிலும் சப்பானியப் பாட்டுப் பாடுவதிலும் கழியத் தொடங்கியபோது, நான் பிரிக்பீல்ட்சு இரயில்வே சரக்குக் கொட்டகையில் ஒரு சிறு வேலையைத் தேடிக்கொண்டேன். வேலை மாறினாலும் வாத்தியார் என்ற பெயர் மாறவில்லை.

அங்கேதான் கார்டு வைத்திலிங்கத்தின் மகள் கனகத்தை எனக்குப் பேசி முடித்தார்கள். இரு வீட்டாருக்கும் மனம் ஒத்தது. பொருத்தங்களும் ஒத்தன. ஒத்துவராதது அரிசி ஒன்றுதான்.

"என் மக கல்யாணத்துல இலையில சோறு விழணும்" என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். "கெழங்கைப் போட்டுக் கல்யாணம் பண்ண மாட்டேன்."

அரிசியோ அப்போது கண்ணால் காண்பதற்கே அரிதாக இருந்தது. காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, இரவில் கிழங்குமாவில் சுட்ட ரொட்டி. அந்த ரொட்டியைச் சூடு ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும். ஆறினால் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். தை போயிற்று. வைகாசி போயிற்று. ஆவணியும் போயிற்று. கனகத்தை நான் பார்த்ததெல்லாம் குடியிருப்பு வேலிக்கு அப்பால் வாளியோடு அவள் கடந்து செல்லும் சில நொடிகளில்தான்.

இந்நிலையில், இரயில்வேக்குப் பொறுப்பாயிருந்த சப்பானிய அதிகாரி ஓர் அறிவிப்புச் செய்தார். அவர் காற்பந்துப் பித்தர். எங்கள் அணியும் கிள்ளான் துறைமுகத் தொழிலாளர் அணியும் ஓர் ஆட்டம் ஆடவேண்டும். வெல்லும் அணிக்குச் சயாமிலிருந்து வந்த அரிசி இரண்டு மூட்டை.

எங்கள் அணித்தலைவர் சிற்றம்பலம் யாழ்ப்பாணத்தார்; நிலைய அலுவலகத்தில் எழுத்தர்; யாரையும் 'ஐசே' (ஆங்கிலத்து 'ஐ சே') என்றே விளிப்பார். அன்று மாலையே அணியைக் கூட்டினார்.

"ஐசே, அரிசியைப் பங்கு போட்டால் ஆளுக்கு நாலு நாளைக்குக் காணாது. வாத்தியாற்றை கலியாணத்திலை போட்டால் எல்லாரும் குடும்பத்தோடை வந்து வயிறு முட்டச் சாப்பிடலாம். அவருக்குப் பொம்பிளையும் கிடைக்கும்" என்றார்.

எல்லோரும் ஒப்பினர். என்மீது கொண்ட அன்பினால் என்று எழுத ஆசைதான்.

களத்திலும் பதவிகள்

வெல்வதற்கு ஒரே ஒரு தடை இருந்தது. அந்தத் தடை மணமகளின் தந்தை.

இதை விளக்க எங்கள் அணியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் எல்லா ஊர்களிலும் இருவர் பின்னால், மூவர் நடுவில், ஐவர் முன்னால் என்றே ஆடினார்கள். நாங்களும் அப்படித்தான். ஆனால் எவர் எங்கே நிற்பது என்பதை மற்ற அணிகள் கால் வலுவைப் பார்த்து முடிவு செய்தன. நாங்கள் பணிமூப்பைப் பார்த்து முடிவு செய்தோம்.

இரயில்வேயில் பிறந்த பழக்கம் அது. முன்வரிசை மேற்பதவி, கார்டுகளும் மூத்த எழுத்தர்களும் அங்கே. நடுவரிசையில், தலைவர் நீங்கலாக, இயந்திர அடுப்புக்கு விறகு தள்ளும் பயர்மேன்கள். பின்வரிசை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு. நான் இடப்பக்கப் பின்காவலனாக இருந்தது அப்படித்தான். எல்லோருக்கும் கடைசியில் கோல்கீப்பர் முனியாண்டி. தண்டவாளப் பாதையை மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் அவர். நெடிய கைகள், கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே அவரைப்போல் கோல் காப்பவர் இல்லை.

ஒருமுறை அவர் தலைவரிடம் முறையிட்டார்: "எனக்குப் பின்னால சேந்தவன்லாம் முன்னால போயிட்டான். நான் மட்டும் இந்தக் கம்பத்துக்கு நடுவுலயே நிக்கிறேன். எனக்கு எப்பங்க புரமோசன்?"

கோரிக்கை நியாயமானதென்று எல்லோருக்கும் பட்டது. அடுத்த ஆட்டத்தில் முனியாண்டி வலப்பக்க முன்னணிக்கு உயர்த்தப்பட்டார். அன்று எங்கள் கோலுக்குள் புகுந்த பந்துகளைப் பற்றி இங்கே எழுதுவது நாகரிகமன்று. முனியாண்டி ஒருவர்தான் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார். மறு ஆட்டத்திலேயே அவரைக் கெஞ்சிக் கோலுக்குத் திருப்பினோம்.

கார்டு வைத்திலிங்கம் எல்லோரினும் மூத்தவர். ஆகவே அவர் சென்டர் பார்வர்டு, அதாவது நடு முன்னணி. ஐம்பதை நெருங்கிய வயது, அதற்கேற்ற அகலம். நிலையத்தில் வண்டி நிற்பதுபோல் எதிரணியின் கோலுக்கு முன்னால் போய் நிற்பார். பந்து வந்தால் வந்தது, போனால் போனது. பந்து வரும் நேரத்தில் அவருக்கும் கோலுக்கும் இடையே எதிரணியினர் இருவராவது இல்லாவிட்டால் அது ஆப்சைடு. அவர் நிற்குமிடத்தில் பெரும்பாலும் கோல்கீப்பர் ஒருவர்தான் இருப்பார். நடுவர் ஊதினால் இவருக்குக் கோபம் வரும்.

"நான் சும்மா நிக்கிறேன். சும்மா நிக்கிறவன் மேல என்னய்யா குத்தம்?"

மூன்றாவது ஆள்

சிற்றம்பலம் போருக்கு முன் ஆங்கில நாளிதழ்களில் காற்பந்துப் பகுதியைத் தவறாமல் படித்தவர். சீமையில் ஆட்டமுறை மாறிவிட்டதை அவர் அறிந்திருந்தார். ஆப்சைடு விதியைத் தளர்த்திய பிறகு, எதிரணியின் நடு முன்னணிக்காரன் இரு பின்காவலருக்கும் இடையே நேராகப் புகுந்துவிடுகிறான். அந்த வாசலை அடைக்க அங்கே மூன்றாவது ஆள் ஒருவரை நிறுத்துகிறார்கள். அவர் ஓட வேண்டியதில்லை. இடம்பெயராமல் நின்றால் போதும்.

இடம்பெயராமல் நிற்பதில் எங்கள் அணியில் ஒருவருக்கு நிகர் எவருமில்லை.

கிள்ளான் அணிக்கு அப்படி ஒரு நடு முன்னணிக்காரர் இருந்தார். பெயர் அந்தோணி, அணித்தலைவரும் அவரே. கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கிய தோள்கள். வளைந்து நெளிந்து ஓடும் வழக்கம் அவரிடம் இல்லை. பந்தைக் காலில் வாங்கினால் கோலுக்கு நேர்க்கோடு. குறுக்கே நின்றவர்கள் பிறகு எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வார்கள்.

"கார்டைப் பின்னுக்கு விட்டால் அந்தோணிக்கு வழி இல்லை. முன்னுக்கு ஒரு இளம் பயர்மேனைப் போட்டால் எங்களுக்குக் கோலும் விழும்" என்றார் சிற்றம்பலம். "நீர்தான் போய்க் கதைக்க வேணும். உம்மடை மாமனார்."

"இன்னும் ஆகவில்லையே" என்றேன்.

"அதுக்குத்தானே ஐசே போகச் சொல்லுறன்."

சமையலறையிலிருந்து ஒரு குரல்

இனி அந்தச் சிமெந்துத் தரைக்குத் திரும்புவோம். தரையில் எஞ்சியிருந்தவை இரண்டே துண்டுகள்: கோல்கீப்பரும் இடப்பக்கப் பின்காவலரும்.

"ஆகவே, நீங்கள் பின்வரிசைக்கு வரவேண்டும் என்று தலைவர் விரும்புகிறார்" என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"பின்னாலயா? நான் என்ன தப்பு செஞ்சேன்? ஒரு வண்டி லேட்டா? ஒரு பார்சல் தொலைஞ்சுதா? இத்தனை வருச சர்வீசுக்கு அப்புறம் கீழ எறக்குறீங்களே!"

நான் கற்றதைக் கொண்டு வாதாடினேன். பழந்தமிழர் படையின் முன்னணியைத் தார் என்றும் பின்னணியைக் கூழை என்றும் வழங்கினர். முன்னே பாய்வதைக் காட்டிலும் பின்னணியைத் தாங்கி நிற்பதையே பெருவீரமாகப் புலவர் போற்றினர் என்றெல்லாம் எடுத்துரைத்தேன்.

அவர் பொறுமையோடு கேட்டார். "அந்தப் படையில இன்கிரிமென்ட் உண்டா?" என்று வினவினார்.

எழுந்து போவதா, இன்னும் சற்று இருப்பதா என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, சமையலறையை மறைத்துத் தொங்கிய சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து கனகத்தின் குரல் வந்தது.

"அப்பா, ரயில்ல நீங்க எங்க நிக்கிறீங்க?"

"எங்க நிப்பாங்க? கடைசிப் பெட்டியில."

"டிரைவரு?"

"முன்னால."

"வண்டி யாரு பொறுப்புல போவுது?"

கார்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கார்டு பொறுப்புல! நான் விசில் ஊதிக் கொடி காட்டாம டிரைவரு ஒரு அடி நவுத்திடுவானா? நவுத்திப் பாக்கட்டும்!"

திரைக்குப் பின்னால் அகப்பை சட்டியில் உரசும் ஒலி மட்டும் கேட்டது. அவர் தரைப்பக்கம் குனிந்தார்.

"இது யாரு?" என்று பின்காவலராக வைத்திருந்த துண்டைச் சுட்டினார்.

"நான்தாங்க."

அதை எடுத்தார். சற்று யோசித்தார். மறுபடியும் தரையிலேயே வைத்துவிட்டார்.

"அப்ப மொத்த வண்டியும் என் பொறுப்பு" என்றார்.

கிள்ளான்காரர் வந்தனர்

பொறுப்பை ஏற்றவர் முழுமையாக ஏற்றார். பயிற்சிக்கு விசிலோடு வந்து நின்றார். களத்தில் நடுவரைத் தவிர வேறு யாரும் விசில் வைத்திருக்கக் கூடாதென்று சிற்றம்பலம் மன்றாடியதற்கு, "விசில் இல்லாத கார்டு, கார்டா?" என்பதே மறுமொழி. இறுதியில் அதைச் சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொள்வதென்றும், வாய்க்குக் கொண்டுபோவதில்லை என்றும் உடன்பாடாயிற்று.

ஆட்டத்தன்று கிள்ளான் அணியினர் கரிவாயுவில் ஓடும் லோரியில் புகை சூழ வந்திறங்கினர். எல்லோரும் முதலில் அதிகாரியை வணங்கினோம். அவர் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவருக்கு இருபுறமும் காவலர்போல் இரண்டு அரிசி மூட்டைகள். பார்க்க வந்த கூட்டம் பந்தைப் பார்த்ததைவிட அந்த மூட்டைகளைப் பார்த்ததே மிகுதி. குடியிருப்பு வேலியோரம் பெண்கள் நின்றனர். அவர்களில் கனகம் நின்றாளா என்று நான் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது.

களத்தின் ஒரு பக்கக் கோடு மரவள்ளிப் பாத்தியில் முடிந்தது. பந்து அதற்குள் போகும்போதெல்லாம், கோலை விட்டுவிட்டு முனியாண்டியே ஓடிப்போய் எடுத்து வந்தார். ஒவ்வொரு முறையும் அவருடைய சட்டை சற்றுப் பருத்தே திரும்பியது.

பின்னால் நின்ற கார்டைக் கண்டதும் அந்தோணி சிரித்தார். "என்னாண்ணே, வண்டி ரிவர்சுல போவுதா?"

"தம்பி, இது டெர்மினசு. இதுக்கு மேல லைன் கிடையாது லா" என்றார் கார்டு.

முதல் முறை பந்தோடு வந்த அந்தோணி நேராக வந்தார். நேராகவே திரும்பிப் போய் விழுந்தார். எழுந்தவர், தாம் மோதியது மனிதர் மீதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். இரண்டாவது முறையும் அதுவே நிகழ்ந்தது. சிற்றம்பலம் என் பக்கம் திரும்பி, "பார்த்தீரோ?" என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

கிள்ளான் ஒரு மூலைப்பந்திலிருந்து கோல் போட்டது. எங்கள் இளம் பயர்மேன் ஒன்று போட்டுச் சமன் செய்தான். ஆட்டம் முடியும் தறுவாயில், எதிரணி முழுவதும் எங்கள் பக்கம் ஏறியிருந்த நேரத்தில், பந்து கார்டின் காலடியில் வந்து நின்றது.

அவர் முன்னே பார்த்தார். பாதை திறந்திருந்தது. பந்தை ஓங்கி உதைத்தார். அப்புறம் அவருடைய கை அவரையறியாமல் சட்டைக்குள் போயிற்று.

நீண்ட, தெளிவான விசில்.

காற்பந்தில் விசில் கேட்டால் நின்றுவிட வேண்டும். கிள்ளான்காரர் அனைவரும் நின்றனர். இரயில்வேயில் கார்டின் விசில் கேட்டால் புறப்பட வேண்டும். நாங்கள் அனைவரும் புறப்பட்டோம். ஆம், நானுங்கூட. இளம் பயர்மேன், சிலைகளாய் நின்ற எதிரணியினரிடையே ஓடிப் பந்தைக் கோலுக்குள் தட்டிவிட்டான்.

ஊதியவர் யார்?

நடுவர் ஒரு மலாய்ப் பள்ளி ஆசிரியர். சிக்கு என்று மதிப்போடு அழைப்போம். தம் கையிலிருந்த விசிலை எல்லோருக்கும் காட்டிவிட்டு, "சியாப்பா தியூப்?" என்று கேட்டார். ஊதியது யார் என்பது கேள்வி.

எங்கள் அணியினர் பதின்மரும் திடீரென மரவள்ளிச் செடிகளின் அழகில் ஈடுபட்டனர்.

"குருவிங்க சிக்கு" என்றார் முனியாண்டி. "இந்தப் பக்கம் விசிலடிக்கிற குருவி ஒண்ணு இருக்கு."

அந்தோணி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அப்போது அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தார். ஓங்கிய கை இறங்கியது. அவர் எழுந்தால் யாருடைய கன்னமாவது சிவக்கும் என்பதை இரு அணிகளும் அறியும்.

கார்டு வைத்திலிங்கம் நடக்கத் தொடங்கினார். பின்னாலிருந்து நடுக்களம் வரை அவருடைய நடையில் வருவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஐசே, வாயை மூடும்!" என்று சிற்றம்பலம் பல்லைக் கடித்தார். "அரிசி ஐசே, அரிசி!"

"சிக்னலக் குடுத்துட்டு, குடுக்கலன்னு சொல்ற கார்டு நான் இல்ல" என்றார் அவர். சட்டைக்குள்ளிருந்து விசிலை வெளியே எடுத்தார். "சாயா, சிக்கு. நான்தான்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். விசிலைப் பார்த்தார். பிறகு அமர்ந்து, தீர்ப்பை நடுவரிடமே விட்டுக் கையசைத்தார். நடுவர் கோலைத் தள்ளுபடி செய்தார். நடுக்களத்திலேயே பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்கினார்.

பந்து அந்தோணியின் காலுக்குப் போயிற்று. எங்கள் மூன்றாவது பின்காவலர் அப்போதுதான் தம் இடத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தார். அவர் அடைத்திருந்த வாசல் அகலத் திறந்து கிடந்தது. அந்தோணி அவரை ஓட்டத்திலேயே கடந்து, நேர்க்கோட்டில் போனார். நான் இடப்பக்கமிருந்து பாய்ந்தேன். அந்தோணி கிளப்பிய புழுதிதான் எனக்குக் கிடைத்தது; கிள்ளானுக்குக் கோல் கிடைத்தது.

மூன்றாவது ஆள் எதற்கு என்று அதுவரை விளங்காதவர்களுக்கும் அந்த நொடியில் விளங்கிற்று.

மூட்டைகளை லோரியில் ஏற்றிவிட்டு அந்தோணி கார்டிடம் வந்தார். "அண்ணே, நீங்க பேசாம இருந்திருந்தா அந்தச் சப்பான்காரன் யாரு பேச்சையாவது நம்பி அரிசிய உங்களுக்கே குடுத்திருப்பான்."

"தெரியும் தம்பி."

அந்தோணி தலையைச் சொறிந்தார். "மக கல்யாணம்னாங்க. சொல்லுங்க, வந்துடுறேன்" என்று சொல்லி லோரியில் ஏறினார். அரிசியும் அவரோடு போயிற்று.

யாருக்குத் தண்டனை?

வீடுவரை அவருடைய காலணிகளைச் சுமந்துகொண்டு பின்னே நடந்தேன். வாசலில் கனகம் நின்றாள்.

"அரிசி போச்சும்மா" என்றார்.

"பாத்தேன்."

"இனிமே எப்ப அரிசி கெடைக்குதோ, அப்பதான் உன் கல்யாணம்."

"அரிசிய விட்டது யாருப்பா?"

"நான்தான்."

"வண்டி லேட்டானா கார்டைத்தானே கேப்பாங்க? பாசஞ்சரை எறக்கி விடுவாங்களா?"

கார்டு வைத்திலிங்கம் அப்படியே வாசற்படியில் அமர்ந்தார். என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நான் காலணிகளைப் பிடித்தபடி நின்றேன். கீழே வைப்பது அந்த நேரத்தில் மரியாதையாகத் தோன்றவில்லை.

"வாத்தியாரே" என்றார் கடைசியில், "அடுத்த முகூர்த்தம் எப்ப வருது?"

கோவிலில் வைத்து எளிய முறையில் தாலி கட்டினேன். கிழங்கைத் துருவி, சோறுபோல் ஆவியில் வேகவைத்துப் பரிமாறினார்கள். சிற்றம்பலம் குடும்பத்தோடு வந்து, இரண்டாம் பந்தியிலும் அமர்ந்தார். அந்தோணியும் மனைவியோடு கிள்ளானிலிருந்து வந்து, குறையொன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

கார்டு எவரையும் பரிமாற விடவில்லை. வாளியை ஏந்தி ஒவ்வோர் இலைக்கும் தாமே வந்தார். ஒவ்வொருவரிடமும், "அரிசி இருந்திருக்க வேண்டியது" என்றார். மணமக்கள் இலைக்கு வந்தபோது அதைச் சொல்லவில்லை. என் காதருகே குனிந்தார்.

"மாப்பிள, கிள்ளானோட இன்னொரு ஆட்டம் பேசிட்டேன். அந்தோணி சரின்னுட்டான். ஆனா இந்தத் தடவ நான் முன்னாலதான் நிப்பேன்."

நான் அவருக்கு மறுமொழி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், புதுமணப்பெண்ணுக்குரிய அடக்கத்தோடு இலையை நோக்கிக் குனிந்திருந்த கனகம், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"பின்னாலதாம்ப்பா."